வீட்டு ஸ்டுடியோவில் மிக்ஸிங் கற்க எந்தப் புத்தகம்?

சுருதிப்பெட்டி
வணக்கம். மிக்ஸிங்கை (தனித்தனியாகப் பதிவான ஒலிகளைச் சமநிலையில் கலப்பதை) ஒழுங்காகக் கற்க ஒரு புத்தகம் வாங்கப் போகிறேன், மிஞ்சினால் இரண்டு. அறை 3.6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம். 5 அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, மூடிய ஹெட்போன் ஒன்று, மென்பொருள் ரீப்பர். பாட்டுகளில் குரல், அக்கூஸ்டிக் கிதார், கீபோர்டு, ப்ரோகிராம் செய்த தாளம். ட்ரம் செட் கிடையாது.

சிக்கல் இரண்டு. இங்கே சரியாகக் கேட்கும் பேஸ், காரில் போட்டால் குமுறுகிறது. குரல் சில வரிகளில் மேலே நிற்கிறது, சில வரிகளில் உள்ளே போய்விடுகிறது. வீடியோக்களில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார். வரிசையாகச் சொல்லித்தரும் புத்தகம் வேண்டும்.

ஃபேடர்கை
ஒன்றுதான் என்றால் மைக் சீனியரின் ‘மிக்ஸிங் சீக்ரெட்ஸ் ஃபார் த ஸ்மால் ஸ்டுடியோ’. முதல் பதிப்பு 2011இல் வந்தது, பிறகு திருத்திய இரண்டாம் பதிப்பும் வந்திருக்கிறது. உங்களைப் போன்ற சின்ன அறையை மனதில் வைத்தே எழுதியது. முதல் பகுதி முழுக்க எதை வைத்துக் கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதுதான். அடுத்தது எடிட்டிங், தாளப் பிசகு, சுருதிப் பிசகு, அரேஞ்ச்மென்ட். கம்ப்ரெசரும் (உரத்த இடங்களை அடக்கி அளவைச் சீராக்குவது) ஈக்யூவும் (அதிர்வெண் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது) அதற்கும் பிறகுதான் வரும். பலர் பொறுமையிழந்து நடுவிலிருந்து தொடங்குகிறார்கள். புத்தகத்தின் பலமே அந்த வரிசை என்பதால் அப்படிச் செய்ய வேண்டாம்.

உங்கள் குரல் சிக்கலுக்கு நேரான பதிலும் அதில் இருக்கிறது. சாரம் இது: குரல் ஃபேடரை (ஒலியளவை நகர்த்தும் பிடியை) ஓரிடத்தில் வைத்துப் பாட்டை முழுக்க ஓட்டுங்கள். அந்த ஒரே இடம் கடைசிவரை பொருந்தினால் குரலுக்கு எந்தப் பிளகினும் (மென்பொருளில் செருகும் ஒலிக்கருவியும்) வேண்டாம். பொருந்தாவிட்டால் ஏன் பொருந்தவில்லை என்று கேளுங்கள். மொத்த அளவே வரிக்கு வரி ஏறி இறங்கினால் கம்ப்ரெசர். அளவு நிலையாக இருந்தும் அடிப்பகுதி தடிப்பாகவும் மேல்பகுதி மங்கலாகவும் கேட்டால் ஈக்யூ. ‘ஸ’, ‘ஷ’ வரும் இடங்களில் மட்டும் குத்தினால் டீ-எஸ்ஸர். நாலைந்து சொற்கள் மட்டும் தொலைந்தால் எந்தக் கருவியும் வேண்டாம், அந்தச் சொற்களை மட்டும் 1 அல்லது 2 டெசிபெல் ஆட்டோமேஷனில் (ஃபேடர் தானாக நகரும்படி பதிந்துவைப்பது) தூக்கினால் போதும்.

எந்தக் கருவி எதற்கு என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்துத் தரும் புத்தகங்கள் குறைவு. கூடவே அவருடைய தளத்தில் பயிற்சிக்கான மல்டிட்ராக்குகளை (ஒவ்வொரு ஒலியும் தனிக்கோப்பாக உள்ள பாட்டுகளை) இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மிக்ஸிங் புத்தகத்துக்கு அது பாதி பலம்.

எதிரொலி
புத்தகம் நல்லதுதான், வரிசையில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கம்ப்ரெசரின் ஒவ்வொரு குமிழும் என்ன செய்கிறது என்று தெரியாதவரிடம் “இங்கே கம்ப்ரெசர் போடு” என்று சொல்லிப் பயனில்லை. கருவிகளைப் பிரித்து மேய்ந்து விளக்குவது ரோயி இஸாகியின் ‘மிக்ஸிங் ஆடியோ’. தடிமனான புத்தகம். ஒவ்வொரு கருவிக்கும் தனி அத்தியாயம், கேட்டுப் பார்க்க ஒலி மாதிரிகளும் உண்டு.

அடிப்படைக் கணக்கு ஒன்று. த்ரெஷோல்ட் (கம்ப்ரெசர் வேலை தொடங்கும் வரம்பு) மைனஸ் 20, உள்ளே வருவது மைனஸ் 8, ரேஷியோ (வரம்புக்கு மேல் வருவதை அடக்கும் விகிதம்) 4:1. வரம்புக்கு மேலே 12 டெசிபெல் வருகிறது, அதில் 3 மட்டும் வெளியேறும், மீதி 9 அடக்கப்படும். இதைக் காகிதத்தில் போடத் தெரியாதவர் மீட்டரைப் பார்த்தும் பயனில்லை.

எண்களை அப்படியே நம்பவும் கூடாது. ‘அட்டாக்கை (கம்ப்ரெசர் பிடிக்க எடுக்கும் நேரத்தை) மெதுவாக வை’ என்று ஒரு புத்தகம் சொல்கிறது என்று வையுங்கள். சாதாரண டிஜிட்டல் கம்ப்ரெசரில் மெதுவான அட்டாக் என்றால் 30 மில்லிசெகண்ட். குரலின் மெய்யெழுத்துகள் தப்பித்து வெளியே வரும், சொல் தெளியும். 1176 என்ற பழைய அனலாக் கம்ப்ரெசரைப் போலச் செய்த பிளகினில் அட்டாக் 20 முதல் 800 மைக்ரோசெகண்டுக்குள்தான். மிக மெதுவாக வைத்தாலும் ஒரு மில்லிசெகண்டைத் தொடாது. போதாக்குறைக்கு அதில் குமிழ் எண் கூடக் கூட வேகம் கூடும், 7 என்பதே மிக வேகம். மெதுவாக வைப்பதாக நினைத்து 7க்குத் திருப்பினால் நேர்மாறான விளைவு. எல்ஏ-2ஏ என்ற இன்னொரு பழைய கம்ப்ரெசர் வகையில் அட்டாக் குமிழே கிடையாது, ஏறத்தாழ 10 மில்லிசெகண்ட் என்று நிலையாக இருக்கும். இந்த வேறுபாடுகளுக்காகவே கருவி நூல் முதலில் வேண்டும் என்கிறேன்.

ஃபேடர்கை
அதைப் படிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அகராதியாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும், முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்க வேண்டாம். எந்தக் குமிழ் எதற்கு என்ற கேள்வி முளைத்த பிறகு அந்த அத்தியாயத்தைத் திறந்தால் ஒரே மூச்சில் புரியும். அதற்கு முன் படித்தால் அறுநூறு பக்கமும் சொற்களாகத்தான் நிற்கும்.

மோனோ_பட்டன்
எந்தப் புத்தகமா இருந்தாலும் வாங்குறதுக்கு முன்னாடி மாதிரிப் பக்கத்தைப் புரட்டி நாலு விஷயம் பாருங்க.

முதல்ல பொருளடக்கம். கேட்கும் சூழலைப் பத்தி ஒரு அத்தியாயமாவது இல்லைன்னா கீழே வெச்சிடுங்க. அடுத்து கம்ப்ரெசர் அத்தியாயம். ஏன் போடணும்னு சொல்லிட்டு எப்படிப் போடணும்னு போகுதா, இல்ல நேரா ‘குரலுக்கு 4:1, மைனஸ் 18’னு ஆரம்பிக்குதான்னு பாருங்க. அப்புறம், முன்-பின் ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்தச் சொல்லுதா? இது ஒரு வரிதான், ஆனா அந்த ஒரு வரி இல்லாத புத்தகம் எழுதினவருக்கு மிக்ஸிங் தெரிஞ்சிருக்கலாம், சொல்லிக்கொடுக்கத் தெரியல. 1 டெசிபெல் சத்தம் கூடினாலே காதுக்கு ‘நல்லா இருக்கு’னு தோணும். 3 கிலோஹெர்ட்ஸ்ல 4 டெசிபெல் ஏத்திட்டு, பைபாஸ் பண்ணி (கருவியைத் தற்காலிகமா விலக்கி) ஒப்பிட்டு, ஏத்தினதுதான் நல்லதுன்னு முடிவு பண்றோம். உண்மையில சத்தம்தான் ஜெயிச்சிருக்கும். நாலாவது, காதால கேட்க மாதிரி ஒலிகள் உண்டான்னு பாருங்க.

ஈக்யூ அட்டவணைகளை மட்டும் நம்பாதீங்க. ‘குரலுக்கு 200ல குறை, 3 கிலோஹெர்ட்ஸ்ல ஏத்து’ங்கறது அந்தக் குரல், அந்த மைக், மைக்குக்கும் வாய்க்கும் இருந்த தூரம், பின்னால ஓடின கிதார் எல்லாம் சேர்ந்து வந்த பதில். கார்டியாய்டு மைக்கை (முன்பக்க ஒலியை அதிகமா எடுக்கிறது) 5 சென்டிமீட்டர்ல வெச்சுப் பாடினா ப்ராக்ஸிமிட்டி எஃபெக்ட்ல அடிப்பகுதி தானா வீங்கும், 30 சென்டிமீட்டர்ல அது ரொம்பக் குறையும். ரெண்டுக்கும் ஒரே அட்டவணை எப்படிப் பொருந்தும்? எந்த ஒலி எந்தப் பகுதியில இருக்குன்னு தேட ஆரம்பிக்க மட்டும் அட்டவணை உதவும்.

அலைநீளம்
சுருதிப்பெட்டி, அறை அளவைக் கொடுத்தது நல்லது. புத்தகம் வருவதற்கு முன்பே கார் சிக்கலின் காரணத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

இரு சுவர்களுக்கு இடையே நிற்கும் அலையின் முதல் அதிர்வெண் 343ஐ நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். உங்கள் அறையில் நீளவாக்கில் 48 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 57, உயரவாக்கில் 64. இந்த முதல் அதிர்வு ஒவ்வொன்றுக்கும் நட்டநடுவில் அழுத்தம் மிகக் குறைவு. ஸ்பீக்கர்களுக்குச் சமதூரத்தில் உட்கார்வதால் அகலத்தின் நடுவில் இருக்கிறீர்கள், 57 குறைகிறது. உட்கார்ந்தால் காது தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும், 2.7இன் பாதிக்கு அருகில், 64ம் குறைகிறது. நீளத்திலும் நடுவில் உட்கார்ந்திருந்தால் 48ம் போய்விடும். பேஸ் போதவில்லை என்று கை தானாக ஏற்றும். காரில் அந்தக் குழி இல்லை, ஏற்றியது முழுவதும் கேட்கும்.

அகலத்தையும் உயரத்தையும் மாற்ற வழியில்லை, நீளத்தில் நகரலாம். முன்சுவரிலிருந்து நீளத்தின் 38 சதவீதம், அதாவது உங்கள் அறையில் ஏறத்தாழ 1.37 மீட்டர், தொடக்கப் புள்ளி. அங்கிருந்து 10 சென்டிமீட்டர் முன்னும் பின்னும் நகர்ந்து கேளுங்கள். 40 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை 5 ஹெர்ட்ஸ் இடைவெளியில் சைன் அலைகளைக் குறைந்த சத்தத்தில் ஓட்டி, எவை வீங்குகின்றன, எவை காணாமல் போகின்றன என்று எழுதுங்கள். தாழ்ந்த அதிர்வெண் காதுக்கு இயல்பாகவே மெலிதாகக் கேட்கும், 5 அங்குல ஸ்பீக்கரும் 50க்குக் கீழே தேயும். எனவே படிப்படியான தேய்வைப் பொருட்படுத்தாமல் திடீர் மேடு பள்ளங்களை மட்டும் குறியுங்கள். அந்தத் தாளை மேசையில் ஒட்டி வையுங்கள். பள்ளம் விழும் இடத்தை ஸ்பீக்கர் ஈக்யூவால் ஏற்றி நிரப்ப முயல வேண்டாம். நேரலையும் திரும்பி வரும் அலையும் சேர்ந்தே ஏறும், பள்ளம் அப்படியே இருக்கும், ஸ்பீக்கர் மட்டும் திணறும்.

ஸ்பீக்கரின் முகப்பு அதற்குப் பின்னாலுள்ள முன்சுவரிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால் 143 ஹெர்ட்ஸ் அருகே இன்னொரு பள்ளம் விழும். 30 சென்டிமீட்டராக்கினால் அது 286க்கு ஏறும். அந்த அதிர்வெண்ணில் 10 சென்டிமீட்டர் ராக்வூல் (பஞ்சு போன்ற கல் இழை) பலகையே ஓரளவு உறிஞ்சும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டால் இன்னும் கீழே வரை வேலை செய்யும். முட்டைத்தட்டும் மெல்லிய ஃபோமும் மேல் அதிர்வெண்களை மட்டும் தின்று, குமுறலை அப்படியே விட்டுவைக்கும்.

இதை ஆழமாகப் படிக்க எஃப். ஆல்டன் எவரெஸ்டின் ‘மாஸ்டர் ஹேண்ட்புக் ஆஃப் அக்கூஸ்டிக்ஸ்’ இருக்கிறது. அறை அதிர்வு, உறிஞ்சல் பற்றிய அத்தியாயங்கள் போதும். ஃப்ளாய்ட் டூலின் ‘சவுண்ட் ரீப்ரொடக்ஷன்’ மிகச் சிறந்த நூல், உங்களுக்கு இப்போது அது வேண்டாம். முதல் புத்தகமாக அக்கூஸ்டிக்ஸ் நூலை வாங்காதீர்கள். ஃபேடர்கை சொன்ன நூலின் மூன்றாம் அத்தியாயம் அடிப்பகுதியைச் சமாளிப்பதற்கென்றே எழுதியது, இந்தக் கட்டத்துக்கு அது போதும்.

சுருதிப்பெட்டி
உட்காரும் இடம் முன்சுவரிலிருந்து சரியாக 1.8 மீட்டர்தான். காரணம் இப்போது புரிகிறது, மிக்க நன்றி.

இன்னும் சில கேள்விகள். பழைய பதிப்புகள் எளிதாகக் கிடைக்கின்றன, அவை போதுமா? படித்ததை எப்படிப் பழகுவது? பாபி ஒவ்ஸின்ஸ்கி புத்தகத்தையும் பலர் சொல்கிறார்களே?

எதிரொலி
பழைய பதிப்பில் கெட்டுப்போனவை இரண்டு.

ஒன்று, ஒலிப்பதிவு அளவு. ‘சிவப்பு விளக்கைத் தொடாமல் முடிந்தவரை உரக்கப் பதிவு செய்’ என்பது 16 பிட் காலத்து அறிவுரை. 16 பிட்டின் வீச்சு ஏறத்தாழ 96 டெசிபெல், அதனால் அப்போது அது சரி. 24 பிட்டில் கணக்குப்படி 144, நடைமுறையில் கன்வெர்ட்டர்தான் (ஒலியை எண்ணாக மாற்றும் கருவி) எல்லை. சராசரி மைனஸ் 18 அருகிலும் உச்சம் மைனஸ் 10 அருகிலும் இருந்தால் எதையும் இழப்பதில்லை. அனலாக் கருவியைப் போலச் செய்த பிளகின்கள் பலவும் அந்த அளவை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டவை. உரத்த சிக்னலைத் திணித்தால் கேட்காமலே டிஸ்டார்ஷன் சேரும்.

இரண்டு, லவுட்னஸ், அதாவது பாட்டு காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்ற அளவு. அளக்கும் முறையை ஐடியூ-ஆர் பிஎஸ்.1770 என்று 2006இல் வகுத்தார்கள். ஐரோப்பிய ஒளிபரப்பின் ஆர்128, மைனஸ் 23 லஃப்ஸ் (லவுட்னஸின் அலகு) என்ற இலக்கோடு 2010இல் வந்தது. ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் மைனஸ் 14க்குச் சமப்படுத்துகிறது. அதைவிட உரக்க நசுக்கி அனுப்பிய பாட்டை அது இறக்கிவிடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும். 2006க்கு முந்தைய எந்த நூலிலும் இது இருக்க வழியில்லை.

மென்பொருளின் திரைப்படங்கள், பிளகின் பெயர்கள் பழசானால் பரவாயில்லை. சமநிலை, கம்ப்ரெஷன், ஈக்யூ, ரிவெர்ப் அத்தியாயங்கள் கெடுவதில்லை.

ஃபேடர்கை
எதிரொலி ‘திரைப்படங்கள்’ என்றது மென்பொருளின் ஸ்க்ரீன்ஷாட்களை, புதியவர்கள் குழம்ப வேண்டாம்.

பழகும் முறைக்கு வருகிறேன். எனக்கு இதுதான் புத்தகத் தேர்வைவிட முக்கியம்.

10 முதல் 16 ட்ராக் உள்ள மல்டிட்ராக் ஒன்றை எடுங்கள். 60 ட்ராக் உள்ளதை எடுத்தால் பெயர் வைப்பதிலேயே நாள் போய்விடும். கோப்புகளைப் பூஜ்ஜியத்தில் ஒரே கோட்டில் நிறுத்தி, பெயரும் நிறமும் கொடுத்து ஒரு பிரதியைத் தொடாமல் சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் இந்தப் பிரதியிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். சேர்த்துச் சேர்த்துக் கொண்டுபோனால் எந்த மாற்றம் எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் சுற்றில் ஃபேடரும் பேனும் (ஒலியை இடம் வலம் நகர்த்துவது) மட்டும், பிளகின் கூடவே கூடாது. மோனோவில் (இடம் வலம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து) தொடங்குங்கள். உங்கள் பாட்டுகளில் குரல்தான் தலைவர் என்றால் குரலை முதலில் ஏற்றி, அதைச் சுற்றி ஒவ்வொன்றாகச் சேர்த்து வாருங்கள். குரலைக் கடைசியில் வைத்தால், மற்றவை எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்ட பிறகு குரலுக்கு ஈக்யூவால் இடம் வெட்ட வேண்டிவரும். பாதி ‘குரல் கேட்கவில்லை’ புகார்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

இரண்டாம் சுற்றில், நிலையாக நிற்காத ஃபேடர்களுக்கு மட்டும் கம்ப்ரெசர். எது, ஏன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போடுங்கள். எழுத முடியவில்லை என்றால் போட வேண்டாம். போட்டதும் அவுட்புட்டைச் சரிசெய்து, பைபாஸ் போட்டாலும் எடுத்தாலும் லஃப்ஸ் மீட்டரில் அரை டெசிபெலுக்கு மேல் மாறாதபடி வையுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பைபாஸ் பட்டனைப் பலமுறை தட்டி, எது எது என்று மறந்தபின் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்க முடியவில்லையா, பிளகினைக் கழற்றுங்கள்.

ஈக்யூவுக்கும் இதே ஒழுங்கு. சோலோவில் (ஒரு ட்ராக்கை மட்டும் தனியாகக் கேட்டபடி) திருப்பாதீர்கள். தனியாகக் கேட்டால் மெலிந்து ஒலிக்கும் கிதார்தான் மொத்தத்தில் குரலுக்கு வழிவிடும். ரிவெர்ப் (அறை முழக்கம்) அத்தியாயம் வந்ததும் டிலே (எதிரொலித் தாமதம்) கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள்: 60,000ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கான தட்டுகளால்) வகுத்தால் ஒரு தட்டுக்கான மில்லிசெகண்ட். 120இல் 500, 90இல் ஏறத்தாழ 667.

ஒத்த பாணியில் வெளியான பாட்டு ஒன்றை ஒப்பிட்டுக் கேட்க அதே செஷனில் சேர்த்து, அதன் சத்தத்தை உங்கள் மிக்ஸின் அளவுக்குக் குறைத்து வையுங்கள். பெரும்பாலும் 6 முதல் 10 டெசிபெல் இறக்க வேண்டியிருக்கும். மாஸ்டர் பஸ்ஸில் (எல்லா ட்ராக்குகளும் கடைசியில் சேரும் வழியில்) ஏதாவது பிளகின் இருந்தால் அந்தப் பாட்டு அதன் வழியாகப் போகக் கூடாது, நேராக வெளியே அனுப்புங்கள்.

மோனோ_பட்டன்
இதோட காதுப் பயிற்சியையும் சேர்த்துக்கங்க. ஜேசன் கோரியோட ‘ஆடியோ ப்ரொடக்ஷன் அண்ட் க்ரிட்டிகல் லிசனிங்’ இதுக்குன்னே வந்த புத்தகம், பயிற்சி மென்பொருளோட. அது இல்லாமலும் செய்யலாம். பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டு 63, 125, 250, 500, 1000, 2000, 4000, 8000, 16000 ஹெர்ட்ஸ்ல ஏதாவது ஒண்ணை 12 டெசிபெல் ஏத்தி, எதுன்னு சொல்லணும். வேற யாராவது திருப்பணும், இல்லைன்னா குருட்டாம்போக்கா தேர்ந்தெடுக்கிற செயலி வேணும். பத்துல எட்டு சரியா வந்தா 6 டெசிபெல், அப்புறம் 3. பிறகு ஏத்தறதுக்குப் பதிலா குறைச்சுப் பாருங்க, அது இன்னும் கஷ்டம். நாய்ஸ்ல சரியா வந்தபிறகு பாட்டுல செய்யுங்க. ஒரு தடவைக்கு 15 நிமிஷம் போதும், காது களைச்சா பதில் எல்லாம் ஊகமாயிடும்.

சத்தத்தை ஒரே அளவுல வெச்சுக்கங்க. சத்தம் குறைஞ்சா காதுக்கு பேஸும் ட்ரெபிளும் குறைஞ்சு கேட்கும், ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லயே அளந்து காட்டின விஷயம். அப்பப்ப குமிழைத் திருப்பிக்கிட்டே இருந்தா பேஸ் பத்தின தீர்ப்பு அப்பப்ப மாறும். வேலைக்கு ஒரு அளவு, சரிபார்க்க ரொம்பக் குறைஞ்ச அளவு ஒண்ணு, ரெண்டுக்கும் குமிழ்ல குறி போடுங்க.

ஒவ்ஸின்ஸ்கியோட ‘த மிக்ஸிங் எஞ்சினியர்ஸ் ஹேண்ட்புக்’ 1999ல முதல்ல வந்தது. மிக்ஸை ஆறு கூறா பிரிக்கிறார்: பேலன்ஸ், அதிர்வெண் வீச்சு, பனோரமா, டைமென்ஷன், டைனமிக்ஸ், இன்ட்ரஸ்ட். கடைசிதான் அதோட தனிச்சிறப்பு, அஞ்சும் சரியா இருந்தும் ஏன் பாட்டு சப்புன்னு இருக்குன்னு யோசிக்க வைக்கும். பின்பகுதி முழுக்க பெரிய எஞ்சினியர்களோட பேட்டி. ரெண்டு பேர் நேர்மாறா சொல்றதைப் பார்ப்பீங்க, அதை முரண்பாடா எடுத்துக்காதீங்க. அவங்க எந்தக் கருவி சொன்னாங்கன்னு குறிக்காம, எதை முதல்ல கேட்டாங்க, எந்த வரிசையில போனாங்கன்னு குறிங்க. ரெண்டாவது புத்தகமா, முதல் புத்தகத்தை முடிச்சபிறகு.

அலைநீளம்
டேவிட் கிப்சனின் ‘த ஆர்ட் ஆஃப் மிக்ஸிங்’ பற்றியும் யாராவது கேட்பார்கள். ஒவ்வொரு ஒலியையும் இரு ஸ்பீக்கர்களுக்கு நடுவே மிதக்கும் வண்ண உருண்டையாக வரைந்து காட்டும் நூல்: இடம் வலம் பேன், மேல் கீழ் அதிர்வெண், முன் பின் ஒலியளவு. அரேஞ்ச்மென்டில் எங்கே நெரிசல் என்று பார்க்க அந்தப் படங்கள் அருமை. எவ்வளவு வெட்டுவது என்பதற்கு விடை அதில் கிடைக்காது. பாப் காட்ஸின் ‘மாஸ்டரிங் ஆடியோ’ மிக்ஸ் நிலைப்பட்ட பிறகு.

சுருதிப்பெட்டி
சீனியர் முதலில், இஸாகி அகராதியாக என்று முடிவு செய்திருக்கிறேன். கடைசியாக ஒன்று: ட்ரம் செட் இல்லாததால் மல்டி-மைக், ஃபேஸ் (ஒரே ஒலி இரு மைக்குகளுக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று அழிப்பது) சம்பந்தமான பக்கங்களைத் தாண்டிவிடலாமா?

எதிரொலி
தாண்ட வேண்டாம். அக்கூஸ்டிக் கிதாருக்கு இரண்டு மைக் வைத்தால் அதே பிரச்சினைதான். இரண்டுக்கும் ஒலி வந்து சேரும் தூரத்தில் 34 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் 1 மில்லிசெகண்ட் தாமதம். சம அளவில் மோனோவில் கலந்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று ஒவ்வொரு 1000க்கும் ஒரு பள்ளம். கிதார் உள்ளீடற்றுக் கேட்கும், ஈக்யூவில் என்ன ஏற்றினாலும் திரும்பாது. ஒரு ட்ராக்கின் பொலாரிட்டியைத் (அலையைத் தலைகீழாகத்) திருப்பினால் பள்ளங்கள் 1000, 2000 என்று இடம் மாறும், அவ்வளவுதான். சில சமயம் அதுவே போதும். போதாவிட்டால் பின்தங்கிய ட்ராக்கை அலைவடிவம் பொருந்தும்வரை முன்னே நகர்த்திப் பாருங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸில் 1 மில்லிசெகண்ட் என்பது 44 சாம்பிள். அதுவும் பிடிக்கவில்லை என்றால் இரண்டில் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை மியூட் செய்யுங்கள். நகர்த்துவதற்கு முன் ட்ராக்கின் பிரதி ஒன்று எடுத்து வைக்க மறக்காதீர்கள்.